மட்டாஞ்சேரியில் மணமில்லாத காற்று

நன்றி சொல்வதற்கென்றே பயணம் புறப்பட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், துக்கத்துக்குப் போயிருக்கிறேன், தேர்வுத்தாள் திருத்தப் போயிருக்கிறேன். ஒருவர் வீட்டு வாசலில் நின்று, "என் கணவரை உயிரோடு வெளியே இழுத்துப் போட்டதற்கு நன்றி" என்று எப்படிச் சொல்வது? தொலைபேசியில் மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் அந்த மனிதர், "அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சரே" என்று வைத்துவிட்டார். ஆகவே காலாண்டு விடுமுறை விட்டதும் ஐந்து கிலோ தேயிலைத் தூளோடும் ஒரு டப்பா ஊட்டி வர்க்கியோடும் கொச்சிக்குக் கிளம்பினேன்.

நாங்கள் இருப்பது நீலகிரியின் மேற்குச் சரிவில், பந்தலூர்ப் பக்கம். வெள்ளைக்காரன் காலத்தில் தங்கம் தேடி மலையைக் குடைந்து, கட்டுப்படியாகவில்லை என்று அப்படியே விட்டுப் போன சுரங்கங்கள் எங்கள் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வாய் பிளந்து கிடக்கின்றன. உள்ளே போகக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்கும் தெரியும். மின்சாமான் கடை வைத்திருக்கும் என் கணவர் பாஸ்கரனுக்கு மட்டும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையானால் ஹெல்மெட், டார்ச் லைட், அளவு நாடா, ஒரு நீளமான நோட்டு. சுரங்கங்களை அளந்து படம் வரைவது அவருக்குப் பொழுதுபோக்கு. தங்கம் வேண்டாம், அளவு போதும் என்பார். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஓய்வுபெற்ற தபால்காரர் காதர் பாய். ஒரு பைத்தியத்துக்கு இன்னொரு பைத்தியம் வைத்தியம்.

ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிறு, உள்ளே சரிவாக இறங்கும் ஓர் இடத்தில் இவர் தரையில் உட்கார்ந்து அளவு எழுதியிருக்கிறார். நாடா தொய்ந்துவிட்டது. காதர் பாய் கூப்பிட்டிருக்கிறார், இழுத்திருக்கிறார், பதில் இல்லை. அலறிக்கொண்டு பக்கத்திலேயே இருந்த ரோட்டுக்கு ஓடி வந்தபோது, மிளகு ஏற்றிக்கொண்டு கொச்சிக்குத் திரும்பும் லாரி ஒன்று டீக்கடையில் நின்றது. அதிலிருந்த சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர், தோளில் மூட்டைக் கொக்கியோடு உள்ளே போனார். இவரை வெளியே கொண்டுவந்தார். ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, மீதி டீயைக் குடித்துவிட்டு லாரியில் போய்விட்டார். பெயர் மாரிமுத்து, ஊர் மட்டாஞ்சேரி என்பதையும் ஃபோன் நம்பரையும்கூட லாரி டிரைவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

பாஸ்கரனும் வந்திருக்க வேண்டும். வெட்கம். "நீ போய்ட்டு வா, எனக்குத் தோள் வலிக்குது" என்றார். வலித்திருக்கலாம். கொக்கி கிழித்த தழும்பு அங்கேதான் இருக்கிறது.

எறணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குப் படகில் போவதுதான் அழகு என்று எல்லோரும் சொன்னார்கள். அழகுக்கு ஆசைப்பட்டு, தவறுதலாக நான் ஏறியது வைப்பின் தீவுக்குப் போகும் படகு. மலையில் பிறந்தவளுக்குத் தண்ணீர் என்றால் குழாயில் வருவது, அல்லது ஓடையில் முட்டளவு ஓடுவது. இங்கே நான்கு பக்கமும் அதுவே. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் மீன்கூடையோடு இருந்த இரண்டு பெண்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். "இந்தம்மா படகை விட்டுவிட்டால் படகு ஓடிவிடும் போல" என்றாள் ஒருத்தி. "பாவம், பிடித்துக்கொள்ளட்டும், நமக்கும் பத்திரம்தானே" என்றாள் மற்றவள். எனக்கு மலையாளம் நன்றாகவே தெரியும் என்று சொல்லி அவர்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை. இறங்கியபின் அதே பெண்கள்தான் என் பையை வாங்கிக்கொண்டு, சரியான படகில் ஏற்றிவிட்டுப் போனார்கள்.

மட்டாஞ்சேரியில் கால் வைத்ததும் மூக்குதான் முதலில் வேலை செய்கிறது. சுக்கு, மிளகு, ஏலம், காய்ந்த மீன், உப்புக் காற்று, மழையில் நனைந்த சாக்கு. எங்கள் ஊரில் வருடம் முழுக்க இரண்டே வாசனைதான்: தேயிலைத் தொழிற்சாலை ஓடும் நாள் வாசனை, ஓடாத நாள் வாசனை. ஃபோன் செய்தால் வர வேண்டாம் என்பார் என்று, கிடங்குகள் வரிசையாக நிற்கும் கடைத்தெருவில் மாரிமுத்துவை விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. தமிழ் ஆள், லாரியில் போவார், குள்ளமா உயரமா தெரியாது என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது டீக்கடைக்காரர், "மூக்கன் மாரியா?" என்றார். தெருவே திரும்பிப் பார்த்தது.

சாயாவை ஆற்றிக்கொண்டே அவர் சொன்னது இது: "மிளகை முகர்ந்து அது எந்த மலையில் காய்த்தது என்று சொல்லுவான். கிடங்கில் பூச்சி மருந்து போட்டால், இவன் போய் முகர்ந்து 'மணமில்லை' என்று கத்த வேண்டும். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் காலை வைப்பார்கள்." மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடிப் போடும் அந்த நச்சுப்புகை அழுகிய மீன் மாதிரி நாறுமாம். இப்போதெல்லாம் மருந்து போடுகிறவர்கள் மீட்டர் கொண்டுவந்து பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார்கள். மீட்டர் சரி என்று சொன்ன பிறகும் மூக்கன் மாரி சரி என்று சொன்னால்தான் ஆட்களுக்கு நிம்மதி.

சுமைத் தொழிலாளிகளின் நீலச் சட்டையில் வந்து நின்றவர் என் தோள் உயரம்தான் இருந்தார். நூறு கிலோ பாஸ்கரனை இந்த மனிதரா இழுத்தார் என்று திகைத்தேன். ஒத்திகை பார்த்து வந்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன. அழுதுவிட்டேன். சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

"டீச்சரே, அழாதீங்க. இவன்மாரு நான் உங்ககிட்ட எதோ தட்டிப் பறிச்சேன்னு நெனப்பானுங்க" என்றார். பிறகு, "சாயா குடிச்சீங்களா?" நான் எத்தனை முறை நன்றியை எடுத்தாலும் அவர் ஒரு சாயாவை முன்னால் நீட்டினார். முதல் நாளில் ஆறு சாயா குடித்தேன். எங்கள் தோட்டத்துத் தூள் இவ்வளவு தூரம் வந்து இவ்வளவு நன்றாக மாறியிருப்பது எனக்குப் பெருமையாகவும் பொறாமையாகவும் இருந்தது.

மறுநாள் மதியம் கொச்சங்காடியில் அவர் வீட்டில் சாப்பாடு. இரண்டு கிடங்குகளுக்கு இடையிலான சந்தில், ஓடு போட்ட இரண்டு அறை வீடு. மாரிமுத்து சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மனைவி சுமதி இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண். வேகவைத்த கப்பையும், குடம்புளி போட்ட மத்தி மீன் குழம்பும் வைத்தாள். எங்கள் வீட்டில் மரவள்ளிக் கிழங்கு என்றால் மாலை நேரத்துக் கொறிப்பு. இங்கே அது சோற்றுக்கே சவால் விடுகிறது. மூன்றாவது முறை வாங்கிச் சாப்பிட்டேன், கூச்சமே இல்லாமல்.

சுமதி மட்டும் முகம் கொடுக்கவில்லை. தேயிலைத் தூளை வாங்கி ஒரு மூலையில் வைத்தாள். மாரிமுத்து கை கழுவ வெளியே போனதும் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"சேச்சி நன்றி சொல்லத்தானே வந்தீங்க?"

"ஆமாம்மா."

"அப்போ நன்றிய இப்படிச் செய்யுங்க. இவரு வெள்ளிக்கிழம லாரில உங்க ஊருக்குப் போறாரு. சரக்கு ஏத்த மட்டும் இல்ல. கூட்டாளிங்க ரெண்டு பேரோட அந்தக் கொகைக்குள்ள எறங்கப் போறாரு. உங்க வீட்டுக்காரர வெளிய இழுத்ததுலேர்ந்து இதே பிராந்து, இதே பைத்தியம். தலையில கட்டுற லைட்டு மூணு வாங்கிட்டு வந்து கட்டிலுக்கு அடியில வச்சிருக்கு. நான் சொன்னா கேக்கல. நீங்க பறயுங்க."

அலமாரியிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தாள். வெள்ளைக் கல், நடுவில் மஞ்சள் மினுக்கம். அன்று பாஸ்கரனை இழுத்து வரும்போது வழியில் பொறுக்கியதாம். தங்கம் என்றே நம்பியிருக்கிறார். எங்கள் பக்கம் இப்படிப்பட்ட கல்லைப் பார்த்து உள்ளே போய், திரும்பி வராதவர்கள் இருக்கிறார்கள். நான் நன்றி சொல்ல வந்த மனிதர் நாளை மறுநாள் அந்த வரிசையில் சேரப் போகிறார், அதுவும் எங்கள் வீட்டால்.

அவர் வந்ததும் ஆரம்பித்தேன். இருபது வருடம் இயற்பியல் கற்றுக்கொடுத்தவள். ஆனாலும் மாணவனிடம் தோற்றது மாதிரி தோற்றேன்.

"உள்ளே பாம்பு இருக்கும் அண்ணா."

"பூட்ஸ் வாங்கியாச்சு டீச்சரே."

"தண்ணி மூடின குழி இருக்கும். தரைன்னு நெனச்சு கால் வைப்பீங்க."

"கம்பு ஊனிப் பாத்து நடப்போம். இடுப்புல கயிறும் உண்டு."

"மேலே கல்லு பெயர்ந்து விழும். முட்டுக் குடுத்த மரமெல்லாம் மக்கிப் போயிருக்கு."

"அது பாத்தாலே தெரியுமில்ல? தெரிஞ்சா திரும்பிருவோம்."

"காத்து கெட்டுப் போயிருக்கும். அதுலதான் இவர் விழுந்தார்."

மாரிமுத்து சிரித்தார். பெருமையில் மூக்கு நுனியைத் தட்டினார். "அதுக்குத்தானே இது இருக்கு. அன்னிக்கு நான் உள்ள போகும்போதே மோந்து பாத்தேன். மண்ணு மணம், வவ்வால் மணம், அவ்வளவுதான். நல்ல காத்து. சாருக்குப் பிரஷர் எறங்கியிருக்கும், அதான் விழுந்துட்டாரு. கெட்ட காத்துன்னா என் மூக்குக்குத் தெரியாதா? இருபது வருஷமா இந்த மூக்க நம்பித்தான் இத்தன பேரு உள்ள போறான்."

எனக்குக் கோபம் வந்தது. பாஸ்கரன் மேல், காதர் பாய் மேல், அந்த வெள்ளைக்காரன் மேல். இவர்மேல் மட்டும் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. இவருடைய தவறு முட்டாள்தனமும் அல்ல. நாறினால் விஷம், நாறாவிட்டால் பத்திரம் என்பது இந்தக் கிடங்குத் தொழிலில் இவரைத் தினமும் காப்பாற்றிய பாடம். சுரங்கத்தில் அதே பாடம் ஆளைக் கொல்லும். அதைச் சொல்லால் விளக்க என்னால் முடியவில்லை.

வியாழக்கிழமை காலை கிடங்கைச் சுற்றிக் காட்டினார். ஆகாயம் வரை மிளகு மூட்டை. முற்றத்தில் சுக்கு காயப்போட முடியாதபடி மழை தூறிக்கொண்டிருந்தது. பின்பக்கச் சுவரோரம் தரையோடு தரையாக ஓர் இரும்பு மூடி கண்ணில் பட்டது. பழைய காலத்துத் தண்ணீர்த் தொட்டி, முழுக்க இரும்பு, ஒன்றரை ஆள் ஆழம், பல வருடமாகத் திறக்கவில்லை என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, காலி. துருப்பிடிச்சுக் கெடக்கு."

எனக்குள் இருந்த டீச்சர் எழுந்து நின்றாள். இது தவறு என்று இன்னொரு குரலும் சொன்னது. அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் அங்கேதான் நின்றார்கள். மற்ற சுமைத் தொழிலாளிகளும் டீ நேரத்துக்கு வந்துவிட்டார்கள். தன் கணவரின் உயிரைத் திருப்பித் தந்த மனிதரை, அவர் வேலை செய்யும் கிடங்கில், அவருடைய ஆட்கள் முன்னால் தோற்கடிக்கிறவள் எப்படிப்பட்டவள்? யோசித்தேன். சுமதியின் முகம் நினைவுக்கு வந்தது. மூடியைத் திறக்கச் சொன்னேன்.

கடப்பாரை போட்டு நெம்பினார்கள். யாரும் தலையை உள்ளே நீட்டக் கூடாது என்று வகுப்பறைக் குரலில் சொன்னேன். எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள், அந்தக் குரலுக்கு எந்த மாநிலத்திலும் மரியாதை உண்டு. "அண்ணா, நின்ன எடத்துலேர்ந்தே மோந்து சொல்லுங்க. எறங்கலாமா?"

மாரிமுத்து கண்ணை மூடி இழுத்தார். "பழைய இரும்பு. கொஞ்சம் பாசி. வேற மணமில்லா. தாராளமா எறங்கலாம்."

டீக்கடையில் வாங்கிய மெழுகுவர்த்தியை ஒரு பிஸ்கட் டின்னில் நட்டு, ஏற்றி, சணல் கயிற்றில் கட்டி இறக்கினேன். முழங்கை ஆழத்தில் நன்றாக எரிந்தது. இடுப்பளவு போனதும் சுடர் சிறுத்தது. இன்னும் ஒரு முழம் விட்டேன். அணைந்தது.

"காத்தடிச்சிருக்கும்" என்றார் ஒரு கூட்டாளி. மேலே எடுத்து மறுபடி ஏற்றி இறக்கினேன். அதே ஆழத்தில் அணைந்தது. மூன்றாவது முறை கயிற்றை மாரிமுத்துவிடமே கொடுத்தேன். அவர் மிக மெதுவாக, குழந்தையைத் தொட்டிலில் இறக்குவதுபோல இறக்கினார். அணைந்தது.

"துருப்பிடிக்கும்போது இரும்பு, காத்துல இருக்கிற பிராணவாயுவத் தின்னுடும்" என்றேன். "மூடின இடத்துல வருஷக்கணக்காத் தின்னா, மிச்சம் இருக்கிறது காத்து மாதிரியே இருக்கும். நாறாது, கண்ணு எரியாது, இருமல் வராது. உள்ளே எறங்கினவன் ரெண்டு மூச்சுல விழுவான். அவனத் தூக்கப் போறவனும் விழுவான். சுரங்கத்துல இதையே மக்குற மரமும் கல்லும் செய்யுது. கூடவே கனமான கரியமில வாயுவும் சேர்றதால, தாழ்ந்த இடத்துல அந்தக் காத்து தேங்கி நிக்கும்." கூடவே சொல்லிவைத்தேன்: மெழுகுவர்த்தி எரிந்தால் இறங்கலாம் என்று அர்த்தமில்லை. தீப்பிடிக்கும் காற்றும் சில இடங்களில் உண்டு, அங்கே இந்தச் சோதனையே ஆளைக் கொல்லும். படிக்கிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

மாரிமுத்து ஒரு சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ அன்னிக்கு நான் உள்ள போனது இந்தக் காத்துக்குள்ளயா?"

"ஆமாண்ணா."

"பின்னே நான் ஏன் விழல?"

இதற்கு விடை தேடி மூன்று மாதம் நான் தூங்காமல் இருந்திருக்கிறேன். காதர் பாய் டார்ச் அடித்துப் பார்த்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்திருக்கிறேன். "நீங்க குனியல. வேற யாரா இருந்தாலும் கீழ உக்காந்து, அவர மடியில எடுத்து, கன்னத்தத் தட்டியிருப்பாங்க. நீங்க மூட்டைக்குப் போடுற மாதிரி நின்னபடியே அவர் முதுகுப் பையோட வாருல கொக்கியப் போட்டு, திரும்பிப் பாக்காம இழுத்துட்டு வந்துட்டீங்க. கெட்ட காத்து உங்க நெஞ்சுக்குக் கீழதான் இருந்திருக்கு. உங்களையும் அவரையும் காப்பாத்தினது மூக்கு இல்ல. இருபது வருஷமா நீங்க மூட்டை எடுத்த பழக்கம்."

அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். கூட்டாளிகளில் மூத்தவர் மலையாளத்தில், "எனக்கு லைட்டும் வேண்டாம் தங்கமும் வேண்டாம், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு மூடியை இழுத்துச் சாத்தினார். சிரிப்பார்கள் என்று பயந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. டீக்கடைக்காரர் ஒரு சாயா கொண்டுவந்து மாரிமுத்துவின் கையில் வைத்தார். இந்த முறை நான் வாங்கிக் கொடுத்த சாயா.

பாதி குடித்தபின் அவர் சொன்னார்: "ஒண்ணு சொல்றேன் டீச்சரே, தப்பா எடுக்காதீங்க. அது கெட்ட காத்துன்னு அன்னிக்குத் தெரிஞ்சிருந்தா நான் உள்ள போயிருக்க மாட்டேன். சத்தியமாப் போயிருக்க மாட்டேன்."

தப்பாக எடுக்கவில்லை. அவருக்குத் தெரியாததால்தான் என் கணவர் இருக்கிறார். அந்த ஈர முற்றத்தில், மிளகு வாசனைக்கு நடுவே, என் நன்றி முழுமையாக என் நெஞ்சில் வந்து இறங்கியது அப்போதுதான்.

மாலையில் சுமதி என் தேயிலைத் தூளில் டீ போட்டுக் கொடுத்தாள். மூன்று தலைவிளக்குகளையும் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, மின்சாரம் போகும்போது உதவும் என்று அக்கம்பக்கத்தில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டாள். "சேச்சி இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாம்ல?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எனக்கும் ஆசைதான், குறிப்பாக அந்த மத்திக் குழம்புக்கு.

வெள்ளிக்கிழமை காலை லாரி மாரிமுத்து இல்லாமல் போனது. அவர் என் பையைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு வந்தார். சரியான படகுதானா என்று இரண்டு பேரிடம் விசாரித்தார். படகு வந்து முட்டி நின்ற பிறகும் அவர் பையைக் கொடுக்கவில்லை.

"ராத்திரி பூரா யோசிச்சேன் டீச்சரே. இனி யாராவது உள்ள விழுந்து, வெளிய நிக்கிறவன் அலறினா, நான் என்ன செய்யணும்?"

பாடப் புத்தகத்தில் இருக்கும் பதில்தான். மாணவர்களுக்கு நூறு முறை சொல்லியிருக்கிறேன்.

"போகக் கூடாதுண்ணா. தீயணைப்புக்குச் சொல்லணும். ஆக்சிஜன் மாட்டிக்கிட்டு அவங்க போகணும். அதுக்குள்ள நேரமாகிடும், தெரியும். ஆனாலும் போகக் கூடாது."

"பாஸ்கரன் சாராவே இருந்தாலும்?"

படகுக்காரர் மணி அடித்தார். நேற்று மாலை சுமதி பிடித்த பிடி என் கையில் இன்னும் சூடாக இருந்தது.

"அவரா இருந்தாலும் போகாதீங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பையை என்னிடம் கொடுத்தார். அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், நீலச் சட்டைக்காரர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

படகு நடுக் காயலுக்கு வந்ததும் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். கம்பியைப் பிடிக்க ஒரு கைதான் மிச்சம். பாஸ்கரன் எடுத்த எடுப்பில், "நல்லபடியா நன்றி சொன்னியா? என்ன சொன்னே?" என்றார்.

"இனிமே நீங்க உள்ள விழுந்தா தூக்க வராதீங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவர் மெதுவாக, "சரி, இனி போகல" என்றார்.